துக்க வீட்டில் பேச ஆலோசகர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது? (வேலூர் பக்கம்)

பாலாற்று மணல்:

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அறக்கட்டளையில் ஆறு வருஷமாக ஆலோசகராக வேலை பார்க்கிறேன். மார்ச் மாதம் இரண்டு நாள் பயிற்சி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பு இழப்பும் துக்கமும். வருகிறவர்கள் 14 பேர். எம்.எஸ்சி. முடித்துவிட்டு வந்த புது ஆலோசகர்கள் 8, வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருக்கும் நோயாளிகளைப் பார்க்கிற நர்சுகள் 3, பள்ளிக்கூட ஆலோசகர்கள் 2, அப்புறம் எங்கள் ஊர்த் தன்னார்வலர் அக்கா ஒருவர்.

போன வருஷமும் இதே பயிற்சியை நான்தான் நடத்தினேன், சொதப்பலாகப் போனது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகளையும் ஸ்லைடு போட்டுக் காட்டினேன், இரண்டு வீடியோ, மத்தியானத்துக்கு மேல் ரோல் பிளே. எல்லாரும் நல்லா இருந்தது மேடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதம் கழித்து அதில் ஒரு பெண் கே.வி.குப்பம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனாள், பைக் விபத்தில் முப்பது வயதுப் பையன் இறந்து பன்னிரண்டாவது நாள். அவன் மனைவி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் எரிந்து விழுந்துகொண்டிருந்திருக்கிறாள். நம்ம பெண் அவளிடம் உட்கார்ந்து, நீங்க இப்போ கோபம் என்கிற கட்டத்தில் இருக்கீங்க, இது போயிடும் என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் இருந்த மாமியார் சொன்னது: "ஏம்மா, நாங்க இன்னும் பதினாறே முடிக்கல, நீ இன்னாமோ கட்டம் கிட்டம்ன்ற. ஜாதகமா பாக்க வந்த?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. அந்தப் பெண்ணின் மேல் தப்பு இல்லை, நான் கொடுத்ததைத்தான் அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

என் கேள்விகள்: இரண்டு நாளில் எதைச் சொல்லிக்கொடுப்பது, எதைத் தூக்கிப் போடுவது? ரோல் பிளேயில் எல்லாரும் நடிக்கிறார்கள், அழுவது போல நடிப்பவரைப் பார்த்து ஆறுதல் சொல்வது போல நடிக்கிறார்கள், இதை எப்படி மாற்றுவது? புது ஆலோசகர்கள் இருபது வினாடி மௌனத்தைக்கூடத் தாங்க மாட்டேன் என்கிறார்கள், உடனே "அழாதீங்க", "காலம் ஆத்திடும்", "பசங்களுக்காக நீங்க தைரியமா இருக்கணும்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இதற்கு என்ன வழி?

இன்னொன்று. என் அப்பா போன ஜூன் மாதம் இறந்துவிட்டார். நான் இதை நடத்தலாமா என்றும் ஒரு பக்கம் யோசனையாக இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற பேருந்து:

மணல் அவர்களே, பெயரைப் பார்த்து ஓட்டுநர் என்று நினைக்க வேண்டாம், முப்பது வருஷம் மனநல சமூகப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன், பாகாயம் பஸ்ஸில் போய் வந்தே பாதி ஆயுசு போயிற்று, அதனால் இந்தப் பெயர்.

முதலில் தூக்கிப் போட வேண்டியது அந்த ஐந்து நிலைகள்தான். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-ல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. தன் சாவை எதிர்நோக்கி இருப்பவரின் மனம் எப்படி எல்லாம் போகிறது என்பது அது. அதைக் கொண்டுவந்து செத்தவரின் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் ஒட்டியது பின்னால் நடந்தது. அதிலும் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்குப் பின் ஒன்று வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சொல்லாமலே விட்டாலும் ஆபத்து, ஏனென்றால் எல்லாரும் இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். அதனால் பத்து நிமிஷம் ஒதுக்கி, இது இங்கிருந்து வந்தது, இதற்குப் பயன்படாது என்று சொல்லி மூடிவிடுங்கள்.

அதற்குப் பதிலாக ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரண்டு பேர் 1999-ல் சொன்னது எனக்கு நம்ம ஊருக்குப் பொருந்துவதாகத் தோன்றும். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், பிழைப்பின் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போய் வருவார், அந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம் என்கிறார்கள். ஆரணியில் தறி போடுகிற ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். காலையில் தறியில் உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கூலி, பாவு, ஜரிகை விலை இதுதான் பேச்சு. சாயங்காலம் விளக்கு வைத்ததும் அழுகை. கூட இருந்த ஆலோசகர், அவங்க காலையில் துக்கத்தை அடக்குறாங்க சார் என்று எழுதிக்கொண்டு வந்தார். அடக்கவில்லை அப்பா, அந்த அம்மாவுக்குக் காலையில் வேலை, ராத்திரியில் துக்கம், இரண்டுக்கும் அவர் இடம் வைத்திருக்கிறார். எப்போது கவலைப்படணும்? ஒரு பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு நகராமல் இருந்தால்.

மாட்டிக்கொண்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள், இது ஸ்லைடுக்கு உரியது. நீடித்த துக்கக் கோளாறு என்று இப்போது தனியாகவே பெயர் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11, அது 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது, குறைந்தது ஆறு மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு அதே வருஷம் வந்த திருத்தப் பதிப்பில் பெரியவர்களுக்கு ஒரு வருஷம், பிள்ளைகளுக்கு ஆறு மாதம் என்கிறது. அதுவும் வெறும் காலக் கணக்கு இல்லை. இறந்தவருக்கான ஏக்கம் நாள் தவறாமல் ஆளையே தின்பது, சாவை நம்ப முடியாமலே இருப்பது, நானும் பாதி செத்துவிட்டேன் என்ற நினைப்பு, வேலை வெட்டி எதுவும் நடக்காமல் போவது, இதெல்லாம் சேர்ந்து, அவர்கள் சாதி சனம் வழக்கமாகத் துக்கம் காக்கிற அளவையும் தாண்டி இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரியை மறந்துவிடக் கூடாது. தலைதிவசம் வரை வீட்டில் பொங்கல் இல்லை தீபாவளி இல்லை என்று இருப்பவர் நோயாளி இல்லை.

2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்கு இந்த நிலைக்குப் போகலாம் என்றார்கள். மற்ற ஒன்பது பேருக்கு உங்கள் சிகிச்சை தேவையில்லை, பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். அந்தப் பத்தாவது ஆளுக்கென்று தனிச் சிகிச்சை இருக்கிறது, கேத்தரின் ஷியர் வகுத்தது, 16 அமர்வுகள், சாவு நடந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதெல்லாம் அதில் உண்டு. தயவுசெய்து இரண்டு நாள் பயிற்சி முடித்தவரை அதைச் செய்ய விடாதீர்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் 1992 சட்டப்படி மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், கவுன்சிலர் என்று போர்டு மாட்டினால் நடைமுறையில் யாரும் பெரிதாக எதுவும் கேட்பதில்லை, நம்ம நாட்டு நிலைமை அது. எப்போது, எங்கே அனுப்புவது என்பதை அவர்களுக்கு மனப்பாடம் ஆக்குங்கள்: பாகாயம் மனநல மையம், மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர், ராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.

ரோல் பிளே பற்றி. அழுவது போல நடிக்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் தன் சொந்த வாழ்க்கையில் ஒரு சின்ன இழப்பை, சாவாக இருக்க வேண்டியதில்லை, விற்றுவிட்ட வீடு, பேச்சு நின்றுபோன சிநேகிதி, அப்படி ஒன்றை ஆறு நிமிஷம் பேசட்டும். எதிரில் இருப்பவர் கேள்வி கேட்கக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது, அறிவுரை கிடையாது. முடிந்ததும் பேசியவர்தான் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் நீங்கள் என்னை விட்டுப் போய்விட்டீர்கள் என்று. முதல் தடவை செய்யும்போது கேட்கிறவர்கள் நெளிவதைப் பார்க்கணுமே.

உங்கள் அப்பா விஷயம். நடத்தலாம் அம்மா. ஆனால் தனியாக நடத்தாதீர்கள். கூட இன்னொருவர் இருக்கட்டும், அப்பாவை இழந்த மகள் கதை வருகிற இடத்தை அவர் எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் எழுந்து வெளியே போக வேண்டி வந்தால் போகலாம் என்று முதல் நாள் காலையிலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். அது அவர்களுக்கும் ஒரு பாடம்தான்.

---

நைட் டூட்டி:

நான் நர்ஸ். சாரோட பதில் நல்லா இருக்கு, ஆனா அது எல்லாம் பதினாறாம் நாளுக்கு அப்புறம். நான் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

சொல்லை ஒழுங்காகச் சொல்லப் பழக்குங்கள். தவறிட்டார், போயிட்டார், நம்மள விட்டுட்டார், காலமாகிட்டார் என்று நம்ம மொழியில் எத்தனை இருக்கிறது. பதற்றத்தில் இருப்பவருக்கு "போயிட்டார்" என்றால் எங்கே போனார் என்றுதான் கேட்கத் தோன்றும். ஒருவர் என்னிடம் அப்படியே கேட்டார், ஐசியூவில் இருந்து எந்த வார்டுக்கு என்று. அதற்குப் பிறகு நான் "இறந்துட்டார்" என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறேன். சொல்லிவிட்டு நிறுத்தணும். அடுத்த வாக்கியத்தில் பில், ஆம்புலன்ஸ் என்று போகக் கூடாது.

வேலூருக்கே உரிய ஒரு பிரச்சினை. இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்கம், ஜார்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தோ வருகிறார்கள், காந்தி ரோடு பக்கம் கடைப் பலகைகூட பெங்காலியில் இருக்கும். லாட்ஜில் மாதக்கணக்கில் தங்கி, ஸ்டவ் வாங்கி சமைத்து, கடைசியில் ஒரு ராத்திரி நோயாளி இறந்துவிடுகிறார். கூட இருப்பது ஒரே ஒரு தம்பியோ மனைவியோதான். அழுவதற்குக் கட்டிப்பிடிக்க ஆள் இல்லை. ஊருக்கு உடலைக் கொண்டுபோக எவ்வளவு ஆகும் என்ற கணக்கு ஒரு பக்கம், ஊரில் இருப்பவர்களுக்குப் போனில் சொல்லணும் என்பது ஒரு பக்கம். அந்த நேரத்தில் துக்க ஆலோசனை என்றால் என்ன தெரியுமா? போன் சார்ஜ் போட்டுக் கொடுப்பது, தண்ணி கொடுப்பது, எந்தக் காகிதம் எந்தக் கவுண்டரில் என்று கூடவே நடப்பது, அவர் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டி வருவது. கூட்டி வருகிறவர் அவருடைய பத்து வயதுப் பிள்ளையாக இருக்கக் கூடாது, இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அப்பா செத்துட்டார்னு அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன பிள்ளை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்களே, அந்த மாதிரி சமயத்தில் உடனே எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து நடந்ததைச் சொல்லுங்க என்று ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அது உதவாது, சிலருக்குக் கெடுதல்கூடச் செய்யும் என்று உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. அவர்களுடைய உளவியல் முதலுதவிக் கையேடு 2011-ல் வந்தது. பார், காது கொடுத்துக் கேள், உதவியோடு இணை, மூன்றே வேலை. உங்கள் ஊர் அக்காவுக்கு இது போதும், பாதி ஏற்கெனவே அவருக்குத் தெரிந்திருக்கும்.

---

செவ்வாய்க்கிழமை:

நான் ஆலோசகர் இல்லை. ஆலோசகரிடம் போனவள். அதனால் கொஞ்சம் கோபமாக எழுதினால் மன்னிக்கவும்.

என் அக்கா கல்யாணமாகி நான்காவது வருஷம் தற்கொலை செய்துகொண்டாள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் என்பதால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கையில் வாங்கவே அடுத்த நாள் மத்தியானம் ஆகிவிட்டது, அதற்குள் அம்மாவிடம் நாலு பேர் நாலு விதமாகக் கேள்வி. வாக்குமூலம், கையெழுத்து. துக்கம் என்று ஒன்று அம்மாவுக்கு வருவதற்கு முன்னாலேயே அவள் ஒரு சாட்சியாகிவிட்டாள். இதை உங்கள் பயிற்சியில் யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா? அழுகை எல்லாம் வழக்கு முடிந்த பிறகு, இரண்டு வருஷம் கழித்து வந்தது. அப்போது சொந்தக்காரர்கள், இன்னுமா என்றார்கள்.

நான் போன ஆலோசகர், எங்கே என்று சொல்ல மாட்டேன், முதல் நாளே கேட்டது: "முன்னாடியே ஏதாவது அறிகுறி தெரிஞ்சுதா?" அவர் படிவத்தில் இருந்திருக்கும் அந்தக் கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் நான் தினமும் ராத்திரி மூன்று மணிக்கு என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன், அவருக்கு அது தெரியாது. இரண்டாம் நாள் மன்னிப்பதைப் பற்றிப் பேசினார். மூன்றாம் நாள் நான் போகவில்லை.

அம்மாவைத் தூக்கி நிறுத்தியது எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியம்மா. உறவு இல்லை. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வருவார், மாசி பங்குனி மாதம், புளி தட்டுகிற சமயம். அம்மா எதிரில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டே இருப்பார். எதுவும் கேட்க மாட்டார். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ அம்மா, தலை குனிந்தபடியே, அக்கா பிறந்த அன்றைக்கு மழை பெய்ததைச் சொன்னாள். அந்தப் பெரியம்மா "ம்" என்றார். அப்புறம் அக்காவின் பெயரைச் சொல்லி, அவ சின்னதுல மண்ணு தின்னுவா இல்ல என்றார். எங்கள் வீட்டில் அக்கா பெயரை யாரும் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது.

பெயரைச் சொல்லப் பழக்குங்கள். இறந்தவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, "உங்க இழப்பு", "அந்தச் சம்பவம்" என்று பேசாதீர்கள்.

---

படுகளத்துப் பார்வையாளன்:

எல்லாரும் வெள்ளைக்காரன் பெயராகச் சொல்கிறீர்கள், நம்ம மண்ணில் இல்லாத துக்கப் பயிற்சியா? ஆரணி, செய்யாறு, ஆற்காடு பக்கமெல்லாம் காரியத்துக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைப்பது இன்னும் இருக்கிறது. விடிய விடிய நடக்கும். கர்ணன் களத்தில் விழுந்ததும் குந்தி ஓடி வந்து மடியில் போட்டுக்கொண்டு, நான் பெத்த மகனே என்று ஒப்பாரி வைப்பாள் பாருங்கள், அதுவரைக்கும் கல் மாதிரி உட்கார்ந்திருந்த செத்த வீட்டுப் பெண்கள் அப்போது உடைவார்கள். குந்தி வேஷம் கட்டினவர் சில ஊர்களில் நேராக அந்தப் பெண்கள் இருக்கிற பக்கம் வந்தே பாடுவார். தாய் என்று சொல்லிக்கொள்ளவே முடியாமல் இருந்தவள், பிள்ளை செத்த பிறகுதான் வாய்விட்டு அழ முடிகிறது. ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று கென்னத் டோக்கா 1989-ல் ஒரு பெயர் வைத்தார், நாங்கள் அதைப் பார்த்து அழுதுகொண்டுதான் இருந்தோம்.

ஒப்பாரி வைக்கத் தெரிந்த ஒரு ஆயாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் செத்தவரின் கதையை முழுசாகச் சொல்லுவார், யாருக்கு என்ன கடன் பாக்கி என்பது உட்பட. உங்கள் 16 அமர்வும் அதில் இருக்கிறது.

---

கண்ணாடி வளையல்:

அண்ணா, மேலே சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த மண்ணின் சடங்கு யாரை என்ன செய்தது என்பதையும் சொல்லணும் இல்லையா.

எனக்கு 29 வயதில் அவர் இறந்தார். பதினாறாம் நாள் தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஒப்பாரியில் என்னைப் பற்றியும் வரி வந்தது, முண்டச்சி என்று. சுற்றி இருந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழுதது உண்மை, அதே பெண்கள் மறுநாள் என் எதிரில் வராமல் ஒதுங்கியதும் உண்மை. சாவுக்குப் பறை அடிக்க வருகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், அவர் வீட்டுத் துக்கத்துக்கு நாம் போவோமா என்பதையும் யாராவது கேளுங்கள்.

அதனால் ஆலோசகருக்கு நான் சொல்லிக்கொடுப்பேன் என்றால் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பேன். சடங்கை நல்லது என்றும் நினைக்க வேண்டாம், கெட்டது என்றும் நினைக்க வேண்டாம். கேளுங்கள். "உங்க வீட்ல என்ன செஞ்சாங்க? அதுல எது உங்களுக்கு ஆறுதலா இருந்தது, எது வலிச்சது?" இவ்வளவுதான் கேள்வி. என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பால் தெளித்தது பிடித்தது, வளையல் பிடிக்கவில்லை என்று சொல்லியிருப்பேன்.

சடங்கே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். என் தங்கைக்குக் குறை மாதத்தில் பிறந்த குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. ஆண்கள் எடுத்துப் போய்ப் புதைத்தார்கள், காரியம் கிடையாது, திதி கிடையாது, இன்னொன்று பெத்துக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். பால் கட்டிக்கொண்டு அவள் ஜுரத்தில் கிடந்தாள். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. மேல்விஷாரத்தில் என் தோழி ஒருத்தி புருஷன் இறந்த பிறகு நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தாள், வீட்டோடு துக்கம் காப்பது, அவளுக்கு அந்த நாட்கள் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கக் கிடைத்த நேரமாக இருந்ததாம், இன்னொரு பெண்ணுக்கு அதே நாட்கள் ஜெயில் மாதிரி இருந்ததாம். ஒரே மதம், ஒரே தெரு.

---

ஓய்வுபெற்ற பேருந்து:

வளையல் சொல்வதில் ஒரு எழுத்து மாற்ற மாட்டேன். கூத்துக்காரத் தம்பி சொன்னதையும் விடமாட்டேன், ஆயாவைக் கூப்பிடுங்கள், ஆனால் அவர் பாடி முடித்ததும் பயிற்சிக்கு வந்தவர்கள் கைதட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் எப்படி வீட்டைப் பார்த்து வரியை மாற்றுகிறார் என்று கேளுங்கள், அதுதான் நமக்கு வேண்டிய வித்தை.

செவ்வாய்க்கிழமை அம்மா, அந்த "அறிகுறி தெரிஞ்சுதா" கேள்வி. நானும் கேட்டிருக்கிறேன், பல பேரிடம், பல வருஷம். உங்கள் பதிலைப் படித்த பிறகு அவர்கள் முகங்களை எல்லாம் நினைத்துப் பார்க்கிறேன்.

பள்ளிக்கூட ஆலோசகர்கள் இரண்டு பேருக்குச் சுருக்கமாக: குழந்தையிடம் அப்பா தூங்குறார், ஊருக்குப் போயிருக்கார், சாமிகிட்ட போயிருக்கார் என்று சொல்ல வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்லச் சொல்லுங்கள். தூங்கப் பயப்படும், ஊருக்குப் போனவர் வரட்டும் என்று வாசலில் உட்காரும். உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வலிக்காது, திரும்பி வர மாட்டார், இது உன்னால் ஆனது இல்லை. கடைசி வரியைக் குழந்தை கேட்காவிட்டாலும் சொல்லணும். பத்து நிமிஷம் அழுதுவிட்டு விளையாட ஓடினால் ஓடட்டும். அப்புறம் டீச்சரிடம் ஒரு வார்த்தை, தந்தையர் தினம் என்று வாழ்த்து அட்டை செய்யச் சொல்கிற நாளுக்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசிவிடுங்கள் என்று.

---

பாலாற்று மணல்:

மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

முடிவு செய்ததைச் சொல்கிறேன். ஐந்து நிலைகளுக்குப் பத்து நிமிஷம், அதோடு சரி. முதல் நாள் காலை பாதி நேரம் அவரவர் துக்க வீட்டில் கேட்ட வார்த்தைகளைப் பலகையில் எழுதப் போகிறோம், எது வலித்தது என்று. "அழாதீங்க" அதில் முதல் வரியாக வரும் என்று பந்தயம் கட்டுகிறேன், என் அப்பா காரியத்தில் நான் மட்டும் பதினேழு தடவை கேட்டேன். செய்தி சொல்கிற பகுதியை ஒரு நர்ஸ் எடுக்கிறார். போலீஸ், ஆர்.டி.ஓ., பிரேதப் பரிசோதனை இதெல்லாம் எப்படி நடக்கும், குடும்பத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல ஒரு வக்கீல் அக்காவைக் கேட்டிருக்கிறேன், இதுவரை நாங்கள் யோசித்ததே இல்லை. எங்கே அனுப்புவது என்ற பட்டியல் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவேன்.

எங்கள் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். நான்காவது கேள்வி அதேதான், முன்கூட்டியே அறிகுறிகள் தெரிந்தனவா. நான் தயாரித்த படிவம். அடித்துவிட்டு "அவரைப் பற்றிச் சொல்லுங்கள், பெயர் என்ன" என்று மாற்றியிருக்கிறேன்.

ஒப்பாரி ஆயா ஒருவர் வர ஒத்துக்கொண்டார். சாவு இல்லாத வீட்டில் பாட மாட்டேன், வேணும்னா பேசுறேன் என்றார். அதுவே நல்லது என்று விட்டுவிட்டேன். எவ்வளவு கொடுப்பது என்று கேட்டால் போக வர பஸ் டிக்கெட், சாப்பாடு என்கிறார், மற்ற பேச்சாளர்களுக்குக் கொடுக்கிற அதே தொகையைக் கொடுக்கணும் என்று அலுவலகத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா, மகள் பகுதியைக் கூட வேலை செய்யும் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். அதை எழுதிக் கொடுத்துவிட்டு அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன், ஏன் என்று தெரியவில்லை.

ரோல் பிளேயை எடுத்துவிட்டேன். அந்த ஆறு நிமிஷம் கேட்கிற பயிற்சியை நாற்காலி போட்டு எதிரெதிரே உட்காரவைத்து ஒரு தடவை எங்கள் ஆட்களிடமே செய்து பார்த்தோம், கண்ணுக்குக் கண் பார்த்ததும் எல்லாரும் மறுபடியும் நடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் செவ்வாய்க்கிழமை எழுதியது ஞாபகம் வந்தது. மார்ச்சில் புளி வந்துவிடும் இல்லையா. பத்து கிலோ கொட்டையோடு வாங்கச் சொல்லியிருக்கிறேன். தரையில் பாய் போட்டு, இரண்டு இரண்டு பேராக. கைக்கு வேலை இருந்தால் இருபது வினாடி மௌனத்தைத் தாங்குவார்கள் என்று நினைக்கிறேன், பார்க்கலாம்.

---

செவ்வாய்க்கிழமை:

14 பேருக்குப் பத்து கிலோ பத்தாது, இருபது வாங்குங்க. கொட்டையைக் குப்பையில் போட்டுடாதீங்க மேடம், எடைக்கு எடுத்துக்க ஆள் வருவாங்க.